மொட்டைமாடிக்கு வந்த பச்சை மேசை

கார்த்திகை பிறந்ததிலிருந்து ஆயிஷா சித்திகாவுக்கு ஒரே கவலைதான். நூற்றிருபது நாற்றுகளையும் எங்கே கொண்டுபோய் நடுவது?

நாற்று என்றால் கத்தரியோ மிளகாயோ இல்லை. சாலட் கீரை. வேகவைக்காமல், கடையாமல், அப்படியே பச்சையாகத் தின்கிற கீரை. பாதி வெளிர்பச்சை, பாதி ஓரம் சிவந்தது. பிரியாணிக் கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளின் குழிகளில் தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை வீதம் போட்டிருந்தாள். முதல் தடவை ஒன்றுகூட முளைக்கவில்லை. மதுரை வெக்கைக்கு அந்த விதை கண்ணைத் திறக்காது என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை விதைகளை ஈரத்துணியில் மடித்து, ஃப்ரிட்ஜில் இஞ்சிபூண்டு விழுது டப்பாவுக்குப் பின்னால் மூன்று நாள் வைத்து எடுத்தாள்.

"முளைக்கிறப்பவே பிரியாணி வாசத்தோட முளைக்கப் போகுது" என்றான் அவள் புருஷன் நூருல் அமீன்.

அவன் கேலி செய்து ஓய்வதற்குள் முளைத்துவிட்டது. குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு இலை. பிறகு நான்கு. இப்போது முட்டை அட்டையின் அடியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர் வெளியே வந்து நிற்கிறது. இன்னும் பத்து நாளுக்குள் மண்ணுக்கு மாற்றவில்லை என்றால் அவ்வளவும் வீண்.

வீணாகப் போவது கீரை மட்டும் இல்லை. ஆயிஷா பத்தாவதோடு நின்றவள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அஸ்வினி காலேஜ் முடித்து, அண்ணாநகரில் சின்னதாக ஒரு சாலட் கடை போட்டிருக்கிறாள். கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் வருகிற கீரை மதுரைக்கு வந்து சேரும்போது பாதி வெந்த மாதிரி இருக்கிறதாம். "நீ வளத்துக் குடுத்தா நான் எடுத்துக்கிறேன்டி. ஆனா தை பொறக்குறதுக்குள்ள முதல் வெட்டு வந்துரணும். அதுக்கு மேல வெயில் ஏறிரும், இலை கசந்துரும்" என்று போனில் சொன்னாள். ஆயிஷா கையால் செய்த எதையும் அதுவரைக்கும் வீட்டுக்கு வெளியே யாரும் கேட்டதில்லை. இந்தப் பனிக்காலம் போனால் அடுத்த கார்த்திகைதான். அதுவரைக்கும் அஸ்வினி காத்திருப்பாளா, கடைதான் இருக்குமா, யார் கண்டது?

அவர்கள் குடியிருந்தது தெற்குவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், பழைய மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில். கீழ்வீட்டில் வெயில் என்பது பதினொன்றரை மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் குழாயடியில் விழுகிற ஒரு முழத் துண்டுதான். வெயில் எல்லாம் மொட்டைமாடியில். மொட்டைமாடியோ வீட்டுக்காரர் மைதீன் பீவியின் தலைக்கு நேர்மேலே.

மைதீன் பீவி மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். புருஷன் இல்லை. மகன்கள் இரண்டு பேரும் மலேசியாவில். நெஞ்சில் கொஞ்சம் கோளாறு, நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஆயிஷாவுக்கு அவர் முன்னால் போய் நின்றால் சொல்ல வந்தது மறந்துபோகும். எதுவாக இருந்தாலும் அமீனைத்தான் அனுப்புவாள். இதற்கும் அவன்தான் போனான்.

"செடி வைக்கிறது சரி" என்றார் மைதீன் பீவி. "ஆனா தொட்டி, சாக்கு எதுவும் தரையில படக் கூடாது. தண்ணி ஒரு சொட்டு கீழ நிக்கக் கூடாது. பழைய காரைத் தளம்ப்பா இது. போன மழைக்கு என் கட்டிலுக்கு மேலயே ஒழுகுச்சு. குடையப் பிடிச்சிக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன்."

அமீன் கீழே வந்து சொன்னான். "தரையத் தொடாம வைக்கணும்னா, செடிக்குக் கால் வச்சுத்தான் நிப்பாட்டணும்."

அன்றைக்கு ராத்திரிச் சோறு ஆறிப்போனது. ஆயிஷா காகிதத்தில் மேசை வரைந்தாள். இடுப்பு உயரம். மேலே அரையடி ஆழத்தில் பெட்டி. ஒரு பக்கம் நின்று கை எட்ட வேண்டும், அதனால் அகலம் இரண்டடிக்கு மேல் கூடாது. நாலு அங்குலத்துக்கு ஒரு நாற்று, வரிசைக்கு இருபது வீதம் ஆறு வரிசை. நீளம் ஆறரை அடி வந்தது. பெட்டியின் அடி ஒரு பக்கமாகச் சரிந்து, வடிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக வாளியில் விழ வேண்டும். எல்லாம் போட்டுவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தாள். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அமீனுக்குத் திருமங்கலம் ரோட்டில் ஒரு பழைய மரக்கடையில் வேலை. இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரம் எல்லாம் அங்கே வந்து குவியும். கூட வேலை பார்க்கிற சிவக்குமார் நல்ல ஆசாரி, டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரர். கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு, பழைய நிலைச் சட்டங்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து, வேலை முடிந்த நேரங்களில் இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று நாளில் மேசையைச் செய்து முடித்தார்கள். கடையில் மிச்சம் கிடந்த பெயிண்ட் பச்சை. அதையே அடித்தார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு சிவக்குமாருக்கு ஒரு சந்தேகம். "பாய், இம்புட்டுக் கனத்த எப்படித் தூக்கிட்டுப் போறது? உங்க சந்துக்குள்ள வண்டி போகாதே."

"ஆளுக்கு ஒரு மூலையாப் பிடிச்சுக்குவோம்ணே."

"மூலையப் பிடிச்சா விரலு போயிரும். இருங்க, நான் ஒரு வழி பண்றேன்." நீளவாக்கில் இரண்டு பக்கமும் சட்டத்தை ஓரடி ஓரடி வெளியே நீட்டி, முனையைத் தோளுக்கு உறுத்தாமல் உருட்டிச் செதுக்கிவைத்தார். அதற்கும் பச்சைப் பெயிண்ட். அமீனுக்கு ரொம்பத் திருப்தி.

மைதீன் பீவிக்கு இதற்கு நடுவில்தான் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கவைத்து, செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சந்து முழுக்க அதுதான் பேச்சு. பார்க்க வராத ஒரே ஆள், சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தௌஹீத். மைதீன் பீவி புருஷனின் அண்ணன் மகன். எட்டு வருஷத்துக்கு முன்னால் பொதுச்சுவர் சம்பந்தமாக இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. "இனி என் வாசப்படி மிதிக்காத" என்று மைதீன் பீவி சொல்லிவிட்டார். அவனும் மிதிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மேசை வந்தது.

ஆயிஷா மொட்டைமாடியில் படிக்கூண்டின் ஓரம் நின்று, பலகை மேல் இருந்த முட்டை அட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்புகிற நேரம். வழக்கமாகச் சந்தில் காது கொடுக்க முடியாது. அன்றைக்குத் திடீரென்று சத்தம் அடங்கியது. கறிக்கடையில் கத்தி விழுகிற சத்தம் நின்றது. எதிரே மிக்சி ரிப்பேர் கடையில் பாட்டை அணைத்தார்கள். ஷட்டர் ஒன்று பாதி இறங்குகிற சத்தம்.

கைப்பிடிச்சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள்.

சந்து முனையிலிருந்து ஒரு சந்தூக்கு வந்துகொண்டிருந்தது. இறந்தவர் உடலைத் தூக்கிப்போகிற பச்சைக் கட்டில். மேலே பச்சையாக ஒரு போர்வை, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நாலு பேர் தோளில். பின்னால் தொப்பி போட்ட தலைகள். வெறும் சந்தூக்கு ஒரு தெருவுக்குள் வருகிறதென்றால் அந்தத் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் மௌத், சாவு, என்று அர்த்தம். "இன்னா லில்லாஹி" என்று ஆயிஷாவின் வாய் தானாகச் சொன்னது. யார்? எதிர்வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவரா? காலையில்கூடப் பல் விளக்கிக்கொண்டு நின்றாரே?

அப்போதுதான் முன்னால் இடதுபக்கம் தூக்கிக்கொண்டு வருகிறவனின் சட்டையைப் பார்த்தாள். கட்டம் போட்ட சட்டை. காலையில் அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள்.

அவன் பக்கத்தில் இடுப்பில் அளவு டேப் செருகிய சிவக்குமார். பின்னால் ஒரு மூலையில் டாடா ஏஸ் டிரைவர் செல்வக்குமார். இன்னொரு மூலையில் தௌஹீத். தௌஹீத் காலில் செருப்பு இல்லை. அவன் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டிருந்தது.

ஆயிஷாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம் என்று எழுதிக் கொடுத்தது யார்? அவளேதான். மேலே கிடப்பது போர்வை இல்லை, வெயிலுக்கு மறைக்க வாங்கிய பச்சை நிழல்வலை. தனியாகத் தூக்க வேண்டாம் என்று மடித்து மேலேயே போட்டுக் கட்டியிருக்கிறான்.

நடந்தது இதுதான். வண்டியைத் தெற்குவாசலில் நிறுத்தி, மேசையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது. கண்ணாடியெல்லாம் உடைந்துவிடும். "தோளுக்கு ஏத்துங்க பாய்" என்றார் சிவக்குமார். ஆள் மூன்று பேர், மூலை நான்கு. அது ஒருபக்கம் சாய்ந்துகொண்டு வந்ததை ஜெராக்ஸ் கடையிலிருந்து தௌஹீத் பார்த்தான். சந்தூக்கைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், தோள் கொடுக்க வேண்டும், நாற்பது அடியாவது கூடவே நடக்க வேண்டும் என்று பழகினவன். அதுவும் அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிவந்து நாலாவது மூலையில் தோளைக் கொடுத்தான். அவன் கொடுத்ததைப் பார்த்துத் தொழுதுவிட்டு வந்தவர்கள் சேர்ந்தார்கள். கறிக்கடைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மௌத்துக்குப் போகும்போது யாரும் சத்தமாக விசாரிக்க மாட்டார்கள். விசாரிக்கவில்லை.

அமீன் தலை சட்டத்துக்கு அடியில் இருந்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் கால்களும்தான். பின்னால் காலடிச் சத்தம் கூடக்கூட, "பாத்தீங்களாண்ணே? உதவின்னா எங்க சந்தே வந்து நிக்கும்" என்று சிவக்குமாரிடம் பெருமை பேசிக்கொண்டு வந்தானாம்.

மேலே நின்ற ஆயிஷாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அது மேசை, மேசை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வருகிற இடத்தில் அவளுக்குக் குரல் வரவில்லை. அதற்குள் எதிர்வீட்டு ரெங்கம்மாள் வாசலுக்கு வந்துவிட்டார்.

ரெங்கம்மாளும் மைதீன் பீவியும் முப்பது வருஷமாக எதிரும் புதிரும் வீடு. தினமும் இரண்டு தடவை சண்டை, மூன்று தடவை டீ. பச்சைக் கட்டில் அந்த வாசலில் இறங்குவதைப் பார்த்ததும் ரெங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு நடுச்சந்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அடி மைதீனு! மதியம்தானடி மீன் குழம்புல உப்பு பத்தலன்னு திருப்பி அனுப்புன! அதுக்குள்ள என்னடி அவசரம் உனக்கு!"

மாடி ஜன்னல் திறந்தது. கையில் டீ டம்ளரோடு மைதீன் பீவி எட்டிப் பார்த்தார். சந்தூக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யா அல்லாஹ்... ஏன்டி ரெங்கம்மா, யாருடி போயிட்டா?" என்று கேட்டார்.

ரெங்கம்மாள் அழுகையோடு அழுகையாக நிமிர்ந்து பார்த்து, "நீதான்டி!" என்றார்.

கறிக்கடைக்காரர்தான் முதலில் இருமினார். அது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. அதே நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "ஏம்ப்பா, பள்ளிவாசல் சந்தூக்கு உள்ளதான பூட்டிக் கிடக்கு? இது எந்த ஜமாஅத்துச் சந்தூக்கு?"

அமீன் சட்டத்துக்கு அடியிலிருந்து தலையை எடுத்து, அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான்.

மைதீன் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தார். ஆயிஷாவும் மாடியிலிருந்து இறங்கி, வாசல் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அத்தனை பேரும் விலகி வழிவிட்டார்கள்.

"அமீனு, என்னப்பா இது?"

"மேசை மாமி. கீரை மேசை."

"மேசைக்கு எதுக்குப்பா நாலு கொம்பு?"

சிவக்குமார் முன்னால் வந்தார். "கொம்பு நான் வச்சதும்மா. தோள்ல தூக்கத் தோதா இருக்கும்னு. எங்க ஊர்ல சாமி சப்பரத்துக்கு இப்படித்தான் வைப்போம்."

"உங்க ஊர்ல சாமி ஊரச் சுத்திட்டு வீட்டுக்கு வந்துரும் தம்பி. எங்கள்ல இதுல ஏறுனவுக திரும்பி வர மாட்டாக."

சிவக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மேசையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது மாடி ஏறக் கூடாது" என்றார் மைதீன் பீவி. "ஆஸ்பத்திரியில இருந்து வந்து நாலு நாள்தான் ஆச்சு. என் தலைக்கு நேரா மேல இத நிப்பாட்டிட்டு நான் எப்படிக் கண்ண மூடுறது?"

"பெயிண்ட்ட மாத்திரலாம் மாமி."

"நீ தங்கத் தகடே போத்துனாலும் அதப் பாத்தா அதுதான் ஞாபகம் வரும். எடுத்துட்டுப் போப்பா."

சொல்லிவிட்டு அவர் படிப்பக்கம் திரும்பினார். அமீன் கதவுப்பக்கம் ஆயிஷாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று இருந்தது. ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள்.

ஆயிஷாவுக்கு மாடியில் முட்டை அட்டைக்கு அடியில் தொங்குகிற வேர்தான் கண்ணுக்குள் நின்றது. இந்த மேசை திரும்பிப் போனால் வேறு மேசை செய்து வர ஒரு வாரம் ஆகும். நாற்று ஒரு வாரம் நிற்காது. கால் எப்படி வாசலைத் தாண்டியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேரே சிவக்குமாரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ரம்பம் வச்சிருக்கீங்களா?"

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆயிஷா முதல் கொம்பில் ரம்பத்தை வைத்தாள். அவள் வாழ்க்கையில் ரம்பம் பிடித்ததில்லை. பழைய மரம், இரும்பு மாதிரி. ரம்பம் வழுக்கி ஓடியது. பெயிண்ட்டை மட்டும் சுரண்டியது. யாரோ சிரித்தார்கள். "குடும்மா நான் அறுக்கிறேன்" என்றார் சிவக்குமார். அவள் கொடுக்கவில்லை. மறுபடி வைத்து, மெதுவாக இழுத்து, ஒரு கீறல் விழுந்தபின் அழுத்தினாள். தூள் விழ ஆரம்பித்தது.

மைதீன் பீவி முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்காத மாதிரி, "ஏம்மா" என்றார். "நெறயப் பேரு வந்தாகளோ?"

ஆயிஷா நிமிரவில்லை. நிமிர்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"மாடியில இருந்து பாத்தேன் மாமி. முப்பது பேருக்குக் கொறையாது. கறிக்கடை அண்ணன் கடைய அப்படியே போட்டுட்டு வந்தாக. மிக்சிக் கடைக்காரர் ஷட்டர இறக்கிட்டாரு. ரெங்கம்மா பெரியம்மா அழுதத நீங்களே பாத்தீங்க."

"அவ நடிப்புக்காரி" என்றார் மைதீன் பீவி. ஆனால் காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டார். "அப்புறம்?"

"முதல்ல தோள் குடுத்தது தௌஹீத் அண்ணன். செருப்பக்கூட மாட்டல. கடையத் தொறந்தது தொறந்தபடி போட்டுட்டு ஓடி வந்தாக. முகமெல்லாம்..." ஆயிஷாவுக்கு அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அழுதுக்கிட்டே வந்தாக மாமி."

தௌஹீத் கூட்டத்துக்குப் பின்னால் மெல்ல நழுவப் பார்த்தான். நாற்பத்தைந்து வயசு ஆள், காது சிவந்துபோயிருந்தது.

"டேய், நில்லுடா" என்றார் மைதீன் பீவி. "நான் மௌத்தானாத்தான் வருவியோ? உசுரோட இருக்கப்ப இந்த வாசல் கண்ணுக்குத் தெரியலயோ?"

"நீங்கதான சாச்சி வராதன்னீங்க."

"சொன்னேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். சொன்னா அப்படியே கேட்டுக்கிருவியா? சின்ன வயசுல நான் சொன்ன எதையாவது ஒரு நாள் கேட்டிருக்கியாடா நீ?"

சந்தே சிரித்தது. தௌஹீத்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். முதல் கொம்பு அறுந்து தரையில் விழுந்தது. மைதீன் பீவி அதைக் குனிந்து பார்த்தார். மேசையைச் சுற்றி ஒரு நடை வந்தார். உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். குழாய் வைக்கிற ஓட்டையைப் பார்த்து, "தண்ணி இது வழியாத்தான் வாளிக்குப் போகுமோ?" என்று கேட்டார்.

"ஆமா மாமி. தரையில ஒரு சொட்டு விழாது."

"யாரு ரோசன இது, அமீனா?"

"நான்தான் மாமி."

"நீயா?" அவளை அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார். "வந்து ரெண்டு வருஷமாச்சு. உனக்கு வாய் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது. சரி, கேட்டுக்க. கொம்பு நாலையும் ஒட்ட அறுக்கணும். பச்ச இருக்கக் கூடாது, ரோஸ் அடிச்சிரு. என் கட்டிலுக்கு நேரா வேணாம், குளியலறைக்கு மேல தள்ளி வை. ஒழுகுனா அங்க ஒழுகட்டும்."

மிச்ச மூன்று கொம்பையும் சிவக்குமார்தான் அறுத்தார். ஆயிஷா மேசையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். கொம்பு இருந்திருந்தால் எப்படியும் படி திருப்பத்தில் மேசை திரும்பியிருக்காது என்று மேலே ஏற்றும்போதுதான் தெரிந்தது. "நான்தான் அளந்து வைக்காம விட்டுட்டேன்" என்று சிவக்குமார் பத்துத் தடவை சொன்னார்.

வந்த ஆட்கள் உடனே போகவில்லை. கடையைப் போட்டுவிட்டு வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல. டாடா ஏஸில் கிடந்த செம்மண் மூட்டை, நார்த்தூள் மூட்டை, உரம், எல்லாம் தோள் மாறித் தோள் மாறிக் கால்மணி நேரத்தில் மாடி ஏறிவிட்டது. அமீன் ஒருவன் தூக்கியிருந்தால் இரண்டு நாள். தௌஹீத் மூன்று மூட்டை தூக்கினான். மூன்று தடவையும் மைதீன் பீவி கதவைத் தாண்டும்போது நின்று நின்று போனான். மூன்றாவது தடவை உள்ளே டீ கிடைத்தது.

கறிக்கடைக்காரர் முட்டை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத ஆடு தின்னுமாம்மா?"

"மனுசங்க திங்கிறதுண்ணே."

"பச்சையாவா? பாவம்."

மறுநாளே ரோஸ் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மண்ணை நிரப்பி, ஆயிஷா நூற்றிருபது நாற்றையும் நட்டாள். அத்தனையும் பிழைத்தது என்று சொன்னால் பொய். முதல் வாரமே பதினேழு சுருண்டது. சிட்டுக்குருவி வந்து ஒரு வரிசையை அரைகுறையாகக் கொத்திவிட்டுப் போனது. நிழல்வலையைக் கம்பி வளைவுகளின் மேல் இழுத்துக் கட்டினாள். மத்தியானம் மட்டும் மூடி, காலையிலும் சாயங்காலமும் திறந்துவிட்டாள். வாளியில் வடிந்த தண்ணீரையே திரும்ப ஊற்றினாள். மார்கழி பனி அவள் பக்கம் இருந்தது. இலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மண் தெரியாமல் மூடின. மைதீன் பீவி தினமும் ஒரு தடவை குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்ப்பார். பிறகு மேலே ஏறிவந்து வாளியைப் பார்ப்பார். மூச்சு வாங்கும், ஆனால் வருவார். ஒரு நாள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, "ஒரு ருசியும் இல்ல" என்றார். அடுத்த நாளும் கிள்ளினார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் வெட்டு. விடிந்து வெளிச்சம் வந்ததும் வெளி இலைகளை மட்டும் கத்தரியால் வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, உதறி, ஈரத்துணி விரித்த தெர்மோகோல் பெட்டியில் அடுக்கினாள்.

"குடு, போற வழியில குடுத்துட்டுப் போறேன்" என்றான் அமீன்.

"திருமங்கலம் ரோட்டுக்குப் போறவுக எந்த வழியில அண்ணாநகர் போவீங்க?"

"இல்ல, உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு..."

"இருக்கும். இருந்தா என்ன, நானே போறேன்."

பஸ்ஸில் கூட்டம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனாள். பக்கத்து சீட்டு அம்மா, "கேக்கா?" என்று கேட்டார். "கீரை" என்றாள். "கீரைக்கா இம்புட்டுப் பவுசு?" என்றார் அந்த அம்மா. ஆயிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அஸ்வினி கடையில் மூடியைத் திறந்து, ஒரு இலையை எடுத்து நடுநரம்பை ஒடித்தாள். சடக்கென்று ஒடிந்தது. வாயில் போட்டு மென்றாள். உள்ளே வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒன்று கொடுத்தாள். ஆயிஷா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கசக்கலடி" என்றாள் அஸ்வினி. "துளிகூடக் கசக்கல. செவ்வாயும் வெள்ளியும் வேணும். ஆனா இது பத்தாது. இதப் போல இன்னொரு மடங்கு முடியுமா?"

முடியும் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் மனசுக்குள் அளந்துகொண்டே வந்தாள். மைதீன் பீவி வீட்டுக் குளியலறை மேல் இன்னொரு மேசைக்கு இடமில்லை. கட்டிலுக்கு நேர்மேலே என்றால் அவர் விட மாட்டார். வேறு மொட்டைமாடி வேண்டும். உயரமான கட்டடம் பக்கத்தில் இல்லாத மொட்டைமாடி.

தெற்குவாசலில் இறங்கிச் சந்து முனைக்கு வந்தபோது ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடை வீட்டோடு சேர்ந்தது, மேலே மாடி. ஆயிஷா ஒரு நிமிஷம் காலிப் பெட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்தாள். நாலைந்து பேர் ஆதார் அட்டையை நகல் எடுக்க நின்றிருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். அமீனை விட்டுக் கேட்கலாம். அவன் சாயங்காலம்தான் வருவான்.

அவள் கடைப்படி ஏறினாள்.

"அண்ணே" என்றாள். மெஷின் சத்தத்தில் தௌஹீத்துக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். தௌஹீத்தும் திரும்பினான்.

"அண்ணே, உங்க மாடில காலைல வெயில் எத்தன மணிக்கு விழும்?"